பெயர், பெயல்

பெயல் என்று வைக்கலாம் என்று நான் சொன்னபோது வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. வெளியே அதுதான் பெய்துகொண்டிருந்தது. ஆனி மாதக் கடைசி. புளியறையில் எங்கள் வீட்டுக்கு மேற்கே மலை. மலையில் ஆரியங்காவுக் கணவாய், சாத்த மறந்த கதவு மாதிரி. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டி மிஞ்சியதை அந்தக் கதவு வழியாகத்தான் எங்கள் பக்கம் அனுப்புகிறது. குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் எல்லாவற்றையும் சாரல் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். வெயிலும் காற்றும் கலந்து முகத்தில் பொடிப்பொடியாகப் படுவது சாரல். மலையடியில், ஓட்டின் மேல் இரவு முழுவதும் ஒரே சுருதியில் இறங்குவது சாரல் இல்லை. மழை என்ற சொல்லிலும் எனக்குத் திருப்தி இல்லை. பழைய நூல்களில் அது மேகத்துக்கும் பெயர். பெய் என்ற வினையிலிருந்து நேராக இறங்கி வந்தது பெயல். பெய்வதைத் தவிர அதற்கு வேறு ஜோலி இல்லை.

குழந்தை பிறந்து அன்று பதினெட்டாவது நாள். மகள் இரண்டாவது பிரசவத்துக்கும் இங்கேயே வந்திருந்தாள். மூத்தவன் பையன், நாலு வயது. மாப்பிள்ளை போனில், “மாமா சொன்னால் சரிதான்” என்று பொறுப்பைத் தட்டிக் கழித்துவிட்டார். ஜாதகம் கணித்தவர் அஸ்த நட்சத்திரம் என்றும், பூ, ஷ, ண, ட என்ற நாலு எழுத்தில் ஒன்றில் பெயர் தொடங்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்திருந்தார். எங்கள் ஊர்க் கோவிலில் தட்சிணாமூர்த்தியைப் பார்க்க ஏறும் படிகள் இருபத்தேழும் இருபத்தேழு நட்சத்திரங்கள் என்பார்கள். படிக்கு நாலாக நூற்றெட்டு எழுத்து. அவற்றில் ணகரத்திலும் டகரத்திலும் தமிழில் எந்தச் சொல்லும் தொடங்காது என்பதைத் தொல்காப்பியர் காலத்திலேயே முடிவு செய்தாகிவிட்டது. மிச்சம் பூவும் ஷவும். கடந்த முப்பது வருஷமாக நம் குழந்தைகள் பாதிப் பேர் ஷகரத்தோடு திரிவதற்கு ரசனையை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது.

பெயல் எனக்கு மழையிலிருந்து வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். புத்தகத்திலிருந்து வந்தது. குறுந்தொகையில் நாற்பதாம் பாட்டைப் பாடியவர் பெயர் தெரியவில்லை. அவர் பாட்டில் செய்து வைத்த உவமையையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்று பெயராக வைத்துவிட்டார்கள். இப்படி இன்னும் பலர்: ஓரேருழவனார், அணிலாடு முன்றிலார். ஆளைத் தொலைத்துவிட்டு அவன் சொல்லை எடுத்து ஆளாக நிறுத்திய காரியம். உலகத்தில் வேறு எந்த இலக்கியத்திலாவது இத்தனை பேருக்கு இப்படி நடந்திருக்குமா என்று எனக்கு ஒரு பெருமிதம் உண்டு. அந்தப் பெயரிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. பெயல், நீரோடு சேர்ந்ததும் புணர்ச்சி விதிப்படி லகரம் போய்ப் பெயனீர் ஆகிவிடுகிறது. சொல் உள்ளே இருக்கிறது, கடைசி எழுத்து மட்டும் இல்லை. அந்த லகரத்தை என் பேத்தியிடம் மீட்டுக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். இதைச் சொல்ல இப்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. அன்று இருக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் முப்பத்துநாலு வருஷம் தமிழ் வாத்தியார் வேலை. தினமும் காலையில் முதல் காரியம் பெயர் கூப்பிடுவது. 1980களில் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் அது இந்தப் பக்கத்தின் வரைபடம் மாதிரி இருக்கும். உலகம்மாள் என்றால் தென்காசி. குற்றாலிங்கம் என்றால் குற்றாலம். திருமலைக்குமார் பண்பொழி. கோமதி சங்கரன்கோவில். பையன் எந்த ஊர்ச் சாமியின் பிள்ளை என்று பஸ்ஸில் ஏறாமலே தெரிந்துவிடும். நடுநடுவே இசக்கி, மாடத்தி, சுடலை. குற்றாலத்து அம்மனின் குழல்வாய்மொழி என்ற பெயரோடு ஒரே ஒரு பெண் படித்தாள். அவளை எல்லோரும் குழலு என்றார்கள். வாயும் மொழியும் போய்விட்டன. அடுத்த பத்து வருஷத்தில் இந்த வரைபடம் அழிந்தது. ரமேஷ், சுரேஷ் வந்தார்கள். அதற்கப்புறம் எந்த ஊர் என்றும் சொல்லாத, எந்தப் பொருளும் தராத பெயர்கள். கணவாய்க்கு அந்தப் பக்கம் இது இன்னும் முன்னேறி, பிஜு, ஷிஜு என்று அகராதிக்கே வேலையில்லாமல் செய்துவிட்டார்கள். ஓய்வு பெறுகிற சமயத்தில் காற்று மறுபடி திரும்பி யாழினிகளும் இலக்கியாக்களும் வகுப்புக்கு வந்தார்கள். நல்லதுதான். ஆனால் ஒரே வகுப்பில் மூன்று யாழினிகள் எழுந்து நின்றால் யாழ் எங்கே கேட்கும்?

தமிழில் பெயர் மாற்றுகிற ஆவேசத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1916இல் சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். தன்னோடு நிறுத்தாமல் பிள்ளைகளிடமும் போனார். திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆனான், சுந்தரமூர்த்தி அழகுரு, திரிபுரசுந்தரி முந்நகரழகி. மொழிபெயர்ப்பில் பிழை சொல்ல முடியாது. ஆனால் வாசலில் நின்றுகொண்டு, “ஏ அறிவுத்தொடர்பு, சாப்பிட வா” என்று ஒரு தாய் எப்படிக் கூப்பிட்டிருப்பாள் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். மகள் நீலாம்பிகை மட்டும் அந்தப் பெயரிலேயே எழுதினார். பாரதி, இங்கே பக்கத்துக் கடையத்து மாப்பிள்ளை, எத்தனையோ புதிய சொற்களை உண்டாக்கியவர். பெண்களுக்கு வைத்த பெயர் தங்கம்மாள், சகுந்தலா. புதுமைப்பித்தன் மகள் தினகரி. உ.வே.சாமிநாதையர் விஷயம் இன்னும் விசேஷம். அவருக்கு இட்ட பெயர் வேங்கடராமன். மீனாட்சிசுந்தரம் பிள்ளை, வீட்டில் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவது உண்டா என்று கேட்டு, சாமா என்பதைப் பிடித்துச் சாமிநாதன் ஆக்கினார். 1937இல் குறுந்தொகைப் பதிப்பில் செம்புலப்பெயனீரார் என்று அச்சிட்டவரே ஆசிரியருக்காகப் பெயரை விட்டுக் கொடுத்தவர்தான்.

நம் வட்டத்தில் யாருக்குத்தான் சொந்தப் பெயர் இருந்தது? ரங்கநாதன் ஞானக்கூத்தன் ஆனார், துரைசாமி நகுலன் ஆனார், சுந்தர ராமசாமி கவிதைக்கு மட்டும் பசுவய்யா. பிரமிள் தன் பெயரை மாற்றி மாற்றி எழுதியதற்குக் கணக்கே கிடையாது. பெயரைச் சட்டை மாதிரி கழற்றிப் போட்டுப் பழகிய கூட்டம். ஆனால் அதெல்லாம் அவரவர் தனக்குத் தானே செய்துகொண்டது. இந்த வித்தியாசத்தை என் மகள்தான் எனக்குச் சொன்னாள்.

முதலில் சிரிக்கத்தான் செய்தாள். “அப்பா, அட்டெண்டன்ஸ் எடுத்த ஆளு நீங்க. பெயல்னு கூப்பிட்டா வகுப்பில என்னன்னு கேக்கும்? பெயில்னு கேக்காதா? ஒண்ணாங் கிளாஸ்லயே பிள்ளை பெயிலு.” நான் உச்சரிப்பைப் பற்றி ஏதோ சொன்னேன். “சரி, பாஸ்போர்ட்ல இங்கிலீஷ்ல எழுதணுமே. எகரமா ஏகாரமான்னு அதுல தெரியாது. வாசிக்கிறவன் பேயல்ம்பான். அரை நிமிஷத்தில பேய்ன்னு ஆயிரும்.” இதற்கும் ஏதோ சொன்னேன். கணவாய்க்கு அந்தப் பக்கம், மலையாளத்தில், இதே வேரிலிருந்து பெய்த்து என்ற சொல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது, 1956 நவம்பர் 1 வரை நாமும் அந்தப் பக்கத்து ராஜ்யத்தில்தான் இருந்தோம் என்றெல்லாம். அவளுக்கு இது எதற்கு என்று புரியவில்லை. எனக்கும்தான்.

என் பெரியக்கா சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். எழுபத்தாறு வயது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். அவள் எழுப்பிய ஆட்சேபத்துக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. “தம்பி, பெயரை நாம என்னன்னு சொல்லுதோம்? பேருன்னு. அப்போ பெயல்ங்கிறதை இந்த வாய் என்னன்னு சொல்லும்? நீயே சொல்லிப் பாரு.”

நான் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். பெயர் பேர் ஆகிற அதே வழியில் பெயலும் போகும். போய்ச் சேருகிற இடம், குழந்தைகள் காலையில் கொல்லைப்புறத்தில் செய்கிற காரியம். எங்கள் பக்கத்தில் அதை வாய்விட்டே சொல்வார்கள். போதாததற்குப் பெய் என்ற வினையே தொட்டிலை நனைக்கிற குழந்தைக்கும் உரியது. “பேஞ்சுட்டா” என்று அன்று காலையில் இரண்டு தடவை கேட்டிருந்தேன், மழையைப் பற்றி அல்ல. இடக்கரடக்கல் என்று முப்பத்துநாலு வருஷம் பாடம் நடத்தியவனுக்கு இது தோன்றவில்லை. கண்ணால் படித்த சொல் அது. வாயில் போட்டு மென்று பார்க்கவில்லை. பெயல் என்ற சொல் ஏன் பேச்சிலிருந்து போயிற்று என்பதற்கு எந்த மொழியியல்காரரும் இத்தனை சுருக்கமாகக் காரணம் சொல்ல மாட்டார். அது சரியான காரணம்தானா என்பது வேறு விஷயம்.

இதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. ஒரு சொல்லின் அருமை தெரியாத வீடு என்கிற மாதிரி ஏதோ முணுமுணுத்தேன். அப்போதுதான் மகள் சிரிப்பை நிறுத்தினாள். “உங்களுக்குப் பிடிச்ச சொல்லைப் புஸ்தகத்தில எழுதி வச்சுக்கிடுங்க. எம் பிள்ளை மேல எழுத வேண்டாம். எனக்கு ஒண்ணு எழுதுனீங்களே, காணாதா?”

அவளுக்கு நான் வைத்த பெயரை இங்கே எழுத அவள் அனுமதி தரவில்லை. அந்த வருஷம் நான் படித்துக்கொண்டிருந்த ஒரு ரஷ்ய நாவலின் மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தது. பாங்கில், ஆஸ்பத்திரியில், பத்திரப்பதிவில் எங்கே போனாலும் தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றாள். அவளுக்கு அது ஒரு பெருமை என்று முப்பது வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முறைப்படி அவளுக்கு என் அம்மாவின் பெயரைத்தான் வைத்திருக்க வேண்டும். பேரன், பேர்த்தி என்ற சொற்களே பெயரனும் பெயர்த்தியும்தான், பெயரைத் தாங்குகிறவர்கள். மாமனார் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு, அந்தப் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பதற்காகத் தன் பிள்ளையையே ‘ஐயா’ என்று கூப்பிட்டுக் காலம் தள்ளிய மருமகள்கள் இந்தத் தெருவில் எத்தனையோ பேர். என் அம்மாவின் பெயரைப் பேர்த்திக்கு வைக்க முடியவில்லை. அம்மாவே கூடாது என்று சொல்லிவிட்டாள்.

தென் ஜில்லாக்களில் போதும்பொண்ணு என்று ஒரு பெயர் உண்டு. வரிசையாகப் பெண்ணே பிறக்கிற வீட்டில் கடைசிப் பெண்ணுக்கு வைப்பது. சாமிக்குச் சொல்கிற செய்தி, குழந்தையைத் தபால் கார்டாக வைத்து எழுதியது. வடக்கே திருத்தணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வேண்டாம் என்றே பெண்களுக்குப் பெயர் வைப்பதாகச் சில வருஷங்களுக்கு முன் செய்தி வந்தது. என் அம்மா ஐந்தாவது பெண். அவளும் இப்படி ஒரு பெயர்க்காரி. அவளுக்குப் பின்னால் என் மாமா பிறந்தார். ஆகப் பெயர் பலித்துவிட்டது என்று ஊரில் பேச்சு. அவளே அதைச் சொல்லிச் சிரிக்கக் கேட்டிருக்கிறேன்.

வகுப்பில் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் நடத்தும்போது, மரம், பறவை என்ற உதாரணங்களை முடித்துவிட்டு, மனிதர் பெயர்கள் எல்லாம் நாளடைவில் இடுகுறி ஆகிவிடும் என்று நானாக ஒரு வரி சேர்த்துச் சொல்வேன். நன்னூலில் இல்லாத வரி. கருப்பாயி சிவப்பாக இருப்பாள், பிச்சை வட்டிக்குக் கொடுப்பான், யாரும் சிரிப்பதில்லை, ஏனென்றால் கூப்பிடுகிறவன் காதில் பொருள் விழுவதில்லை. இதற்கு என் வீட்டிலேயே அத்தாட்சி இருப்பதாக எனக்கு நினைப்பு. அம்மாவின் பெயரை ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். எழுதும்போது ஒரு தடவையாவது அதன் பொருள் எனக்குத் தட்டியதில்லை. கடைசிக் காலத்தில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் முப்பது பேருக்கு நடுவில் நர்ஸ் அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டாள். யாரோ இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மா எழுந்திருக்கவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று நான் கையைப் பிடித்து எழுப்பினேன். அம்மாவுக்குக் காது கடைசி நாள்வரை நன்றாகக் கேட்டது.

மகள் அன்று சொன்னது இது: “ஆச்சி போதும்னு சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா?”

எனக்குப் புரியவில்லை.

“சோறு போடும்போது எல்லாரும் போதும் போதும்னு சொல்லுவோம்லா. ஆச்சி சொல்ல மாட்டா. இலை மேல கையை வச்சு மறைப்பா. இல்லைன்னா, நிறைஞ்சுட்டுய்யாம்பா. தண்ணி ஊத்துனா, நிறுத்தும்பா. காசு கொடுத்தா, இது காணும்பா. அந்த ஒரு சொல்லு மட்டும் அவ வாயில வராது. சின்னப்பிள்ளையில நானும் சித்தி பிள்ளைகளும் அதைச் சொல்ல வைக்கணும்னு பந்தயம் கட்டி விளையாடுவோம். ஜெயிச்சதே இல்லை. உங்களுக்குத் தெரியாதா?”

பெரியக்காவைப் பார்த்தேன். அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். அவளுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். ஐம்பது வருஷம் அம்மாவின் கையால் சாப்பிட்டவன், மற்றவர்கள் கவிதையில் ஒரு சொல் தேவையில்லாமல் நிற்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதியவன் நான். ஒரு பெண் நாளைக்கு மூன்று வேளை ஒரு சொல்லைத் தாண்டித் தாண்டிப் போனது என் காதில் விழவே இல்லை. கூப்பிட்டவர்களுக்கெல்லாம் அது இடுகுறி. அவள் ஒருத்திக்கு மட்டும் கடைசிவரை காரணப்பெயராகவே இருந்திருக்கிறது.

பெயல் அப்படிப்பட்ட பெயர் இல்லை என்று வாதாடலாம். அது வசை இல்லை, வேண்டுதல் இல்லை, சாமிக்கு எழுதிய கார்டு இல்லை. அழகான சொல். ஆனால் என் பாட்டனார் யாருக்கோ சொல்ல வேண்டிய செய்தியை அம்மாவின் மேல் எழுதினார் என்றால், நானும் யாருக்கோ சொல்லத்தான் பேத்தியைத் தேடிப் போனேன். யாருக்கு? இந்தப் பக்கங்களைப் படிக்கிற இருநூறு பேருக்குத்தான். பெயரைக் கேட்டதும் ‘அடடா, குறுந்தொகை’ என்று நீங்கள் சொல்ல வேண்டும். அதற்காக அவள் எழுபது வருஷம் பெயிலையும் பேயையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மழை பெய்கிறது என்று சாதாரணமாகச் சொல்லாமல், மழை வருகிறது, மழை விழுகிறது என்று சுற்றி வளைத்துப் பேசப் பழகியிருப்பாளோ என்னவோ. மலையடியில் பிறந்து அந்த வினையைத் தவிர்க்க வேண்டுமானால் வருஷத்தில் பாதி நாள் ஊமையாக இருக்க வேண்டியதுதான்.

அந்த வாரம் பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் என்னிடம் படித்தவன் இல்லை. இருந்தாலும் சார் என்றான். குழந்தை பெயர் என்ன என்று கேட்டான். இன்னும் முடிவாகவில்லை என்றேன். பெயர் இல்லாமலேயே பதியலாம், பன்னிரண்டு மாதத்துக்குள் வந்து எழுதினால் கட்டணம் கிடையாது, அதற்கப்புறம் பதினைந்து வருஷம் வரைக்கும் பணம் கட்டி எழுதிக்கொள்ளலாம் என்று விளக்கினான். பதினைந்து வருஷமா என்று இரண்டு தடவை கேட்டேன். சட்டம் அப்படித்தான் சார் என்றான். அவன் கொடுத்த காகிதத்தில் தேதி, இடம், பாலினம், தாய், தந்தை எல்லாம் இருக்கின்றன. பெயர் என்ற கட்டம் காலி. தமிழில் நான் சமீபத்தில் படித்த நல்ல அச்சுப் பக்கம் அது.

திரும்பி வரும்போது செங்கோட்டை தாண்டியதும் பிடித்துக்கொண்டது. நனைந்தபடி வந்து சேர்ந்தேன். பிளாஸ்டிக் உறையில் இருந்ததால் காகிதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மகள் வாங்கிப் பார்த்து, காலிக் கட்டத்தை விரலால் ஒரு தடவை தடவிவிட்டு, பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். என்ன வைக்கப் போகிறாள் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஷகரத்தில் ஏதாவது வைப்பாள் என்று பெரியக்கா நினைக்கிறாள். இப்போதைக்கு வீட்டில் எல்லோருக்கும் அவள் குட்டி.

மூத்தவனுக்கு மட்டும் இது ஒத்துக்கொள்ளவில்லை. தனக்குப் பெயர் இருக்கிறது, பக்கத்து வீட்டு நாய்க்குக்கூட இருக்கிறது, இவளுக்கு மட்டும் ஏன் இல்லை என்று அவனுக்குக் கோபம். அவனுக்கு இன்னும் ரகரம் வரவில்லை. நான் தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது தொட்டிலைப் பிடித்துக்கொண்டு கேட்டான்:

“தாத்தா, பாப்பா பேலு என்ன?”

சுவரோரத்தில் பெரியக்கா வெற்றிலை புரையேறச் சிரித்தாள்.